சாட்ஸ்வர்த் பார்மசி கிளினிக் ரிவ்யூ: டாக்டர்கிட்ட போறத தள்ளிப்போடுறவங்க படிக்க வேண்டியது

மொதல்லயே மார்க் போட்டுடறேன். புரியற மாதிரி சொல்றதுக்கு அஞ்சுக்கு அஞ்சு. காத்திருக்க வைக்கிறதுக்கு ரெண்டரை. பார்க்கிங்குக்கு ஒன்னு, அதுவும் பாவம் பாத்து.

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல ஒரு தனியார் பார்மசி, பெரிய செயின் கடை இல்ல, ஒரு குடும்பம் நடத்துறது. மருந்து கவுன்டருக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம், அதுல ஒரு நர்ஸ் சிஸ்டர் உக்காந்திருப்பாங்க. பிரஷர் பாப்பாங்க, விரல்ல குத்தி சுகர் பாப்பாங்க, கொலஸ்ட்ரால், ஃப்ளூ ஊசி, குழந்தைங்க தடுப்பூசி, எச்ஐவி டெஸ்ட், கர்ப்பத்தடை ஊசி இப்படி. கடை பேரை போடல, ஏன்னா கீழ குறையும் எழுதிருக்கேன், சின்ன கடைய ஊர் முழுக்க இழுத்துவிட எனக்கு இஷ்டமில்ல. வேணுங்கறவங்க தனியா கேளுங்க, லொக்கேஷன் அனுப்புறேன்.

சரி, சாதாரண மருந்துக்கடைக்கு எதுக்கு இவ்ளோ நீளமா ரிவ்யூன்னு கேட்டா, இங்க இருக்குற நம்ம ஆளுங்க, அதாவது ஊர்லேந்து வேலைக்கு வந்தவங்க, ஹோட்டல் மாஸ்டருங்க, கோயில் வேலைக்கு வந்த ஸ்தபதிங்க, குருக்கள் குடும்பம், அம்லாங்கா பக்கம் ஐடி ஆளுங்க, எல்லார்கிட்டயும் ஒரு விஷயம் பாக்குறேன். உடம்புக்கு ஏதாவதுன்னா மொத வேலை தள்ளிப்போடறது. "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்." அதுக்கு சோம்பேறித்தனம்னு பேர் வெக்கிறது ஈஸி, காசு இல்லன்னு சொல்றதும் ஈஸி. ஆனா நான் பாத்தவரைக்கும் பாதிப் பேருக்கு எந்தக் கதவை தட்டணும்னே தெரியல, தட்டுனா எவ்ளோ ஆகும்னு தெரியல, கையில இருக்குற ரிப்போர்ட்ல என்ன எழுதிருக்குன்னு தெரியல, கேட்டா அசிங்கமா போயிடுமோன்னு வேற கூச்சம். இதைத்தான் ஹெல்த் லிட்டரசின்னு சொல்றாங்க. படிப்பு வேற, இது வேற. ஐரோப்பாவுல 2011-ல எட்டு நாட்டுல பண்ண சர்வேல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த விஷயத்துல தடுமாற்றம்னு வந்துச்சு, பள்ளிக்கூடம் ஒழுங்கா நடக்குற நாடுங்க அதெல்லாம். அமெரிக்காவுல பண்ண ஆய்வுல இன்சூரன்ஸ், வேலை, வறுமை எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும் இது கம்மியா இருக்குறவங்கதான் வைத்தியத்தை அதிகமா தள்ளிப்போடுறாங்க, இல்ல மொத்தமா விட்டுடுறாங்கன்னு வந்திருக்கு. இந்தக் கடைய நான் அந்தக் கண்ணோடதான் பாக்குறேன்.

இப்ப சிஸ்டரப் பத்தி. ஜூலு அம்மா ஒருத்தவங்க, ஐம்பது வயசு தாண்டிருக்கும், குரல் கணீர்னு இருக்கும். வயசானவங்க எல்லாரும் அவங்களுக்கு ஆன்ட்டி, அங்கிள்தான். வாயத் தொறந்த உடனே மெஷின எடுக்க மாட்டாங்க, "என்ன ஆச்சு, எப்பலேந்து, இதுக்கு முன்னாடி யாருகிட்ட காட்டுனீங்க, ஏன் அப்ப வரல"ன்னு கேப்பாங்க. கடைசிக் கேள்விய திட்டுற மாதிரி கேக்க மாட்டாங்க, அதுதான் முக்கியம். நெசமா தெரிஞ்சுக்கணும்னு கேப்பாங்க. லீவு கெடைக்கலன்னு சொன்னா சனிக்கிழமை வரச் சொல்வாங்க, காசுன்னு சொன்னா இலவசமா எங்க கெடைக்கும்னு எழுதிக் குடுப்பாங்க, பயம்னு சொன்னா அன்னிக்கு வெயிட்டிங்ல இருக்குற மத்தவங்க பாடு திண்டாட்டம், ஏன்னா அரை மணி நேரம் உள்ள பேச்சு ஓடும்.

நான் இந்த ரிவ்யூ எழுத காரணமே எங்களுக்குத் தெரிஞ்ச மாஸ்டர் ஒருத்தர்தான். சிவகங்கைப் பக்கம் ஊரு, இங்க ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சன்ல வேலை. கால்ல எண்ணெய் பட்ட புண்ணு, ஆறவே மாட்டேங்குது. மஞ்சள் பத்து போட்டுட்டு ஷூவுக்குள்ள விட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டிருந்தாரு. "அண்ணே சுகர் பாத்தீங்களா"ன்னு கேட்டா, "பாத்தாச்சுத்தா, கேம்ப்ல பாத்தாங்க, நமக்கு பதினாலு, நல்ல ரத்தம்"ங்குறாரு. எனக்கு அங்கேயே தூக்கிவாரிப் போட்டுச்சு. அவரு மனசுல இருந்தது ஹீமோகுளோபின். ஊர்ல ரத்தம் பதினாலு இருந்தா டாக்டர் சபாஷ்னு சொல்வாரு இல்லியா, அந்தக் கணக்கு. கேம்ப்ல குடுத்த சீட்டுல 14-ன்னு மட்டும் எழுதி ஒரு கையெழுத்து, அவ்ளோதான். அது சுகர்னும் அவருக்கு யாரும் புரிய வெக்கல, இங்க சுகர் அளக்குற அளவே வேறன்னும் சொல்லல.

இந்த அளவு விஷயம் நம்ம ஆளுங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். ஊர்ல மில்லிகிராம் கணக்கு, 126, 200, 300-ன்னு நம்பர் வரும். தென்னாப்பிரிக்காவுல மில்லிமோல் கணக்கு, 7, 11, 16-ன்னு வரும். இங்க வர்ற நம்பர 18-ஆல பெருக்குனா நம்ம ஊர்க் கணக்கு. வெறும் வயித்துல 7.0 வந்தா அது ஊர்க் கணக்குல 126, அதாவது சர்க்கரை நோய்னு சொல்ற கோடு அது. 11.1-னா 200. மாஸ்டரோட 14, அது 252. இது படிக்காதவங்க பிரச்சினைன்னு நெனச்சிடாதீங்க, அம்லாங்காவுல சாஃப்ட்வேர்ல இருக்குற ஒருத்தர் "எனக்கு 9.6தான், பத்தைத் தாண்டல"ன்னு பெருமையா சொல்லிட்டிருந்தாரு, அவருகிட்ட பெருக்கிப் பாருங்கன்னு சொன்னதும் கால்குலேட்டர எடுத்தவரு அப்புறம் ரொம்ப நேரம் பேசல. மூணு மாச சராசரி காட்டுற எச்பிஏ1சி மட்டும் ரெண்டு ஊர்லயும் பெரும்பாலும் ஒரே சதவீதக் கணக்குல வரும், 6.5-ம் அதுக்கு மேலயும்னா சர்க்கரை நோய், அதுல குழப்பம் கம்மி.

மாஸ்டரை கூட்டிட்டுப் போனப்ப விரல்ல குத்தினா 17-க்கு மேல. சிஸ்டர் புண்ணைப் பாத்தாங்க, பாதத்தை விரல் விரலா பிரிச்சுப் பாத்தாங்க, கண்ண மூடச் சொல்லி நைலான் நூல் மாதிரி ஒன்ன வெச்சு எங்க தொடுறேன்னு கேட்டாங்க, ரெண்டு எடத்துல அவருக்குத் தெரியவே இல்ல. "இது என் கையில இருக்குற கேஸ் இல்ல, இன்னிக்கே டாக்டர்"னு சொல்லி லெட்டர் எழுதி, தெருவுக்கு எதுத்தாப்புல இருக்குற ஜீபிக்கு, அதாவது பொது டாக்டருக்கு, போன் போட்டு, ஃபீஸ் எவ்ளோன்னு மாஸ்டர் காதுபட கேட்டு, அதை பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க. 500 ராண்ட் பக்கம். மாஸ்டர் மனசுல இருந்தது ரெண்டாயிரம் மூவாயிரம். அந்தத் தப்புக் கணக்குலதான் மனுசன் அத்தனை மாசம் மஞ்சளோட ஓட்டிருக்காரு!

அப்புறம் அவங்க பண்ணதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மாஸ்டருக்கு இங்கிலீஷ் கிச்சன் அளவுக்குத்தான், நான்தான் நடுவுல மொழிபெயர்ப்பு. எல்லாம் சொல்லி முடிச்சிட்டு சிஸ்டர் என்னைப் பாத்து "நீங்க இப்ப பேசாதீங்க"ன்னுட்டு அவருகிட்ட, "அங்கிள், இன்னிக்கு ராத்திரி ஊருக்கு போன் போட்டு உங்க வைஃப்கிட்ட என்ன சொல்வீங்க, அதை எனக்கு இப்ப உங்க பாஷையில சொல்லுங்க, நான் சரியா சொன்னேனான்னு நான் பாக்கணும்"னாங்க. மாஸ்டர் தமிழ்ல சொல்றாரு, "சுகர் ஏறிருக்கு, மாத்திரை ஒரு வாரம் போட்டா சரியாயிடும்னாங்க"ன்னு. ஒரு வாரம்னு யாருமே சொல்லல! ஒரு வாரம் கழிச்சு திரும்ப வாங்கன்னு சொன்னது அவரு காதுல அப்படி விழுந்திருக்கு. நான் அதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னதும் சிஸ்டர் முகம் சுளிக்கல, மறுபடி மொதல்லேந்து, வேற மாதிரி, காலண்டர எடுத்து வெச்சு சொன்னாங்க. மறுபடி அவர சொல்ல வெச்சாங்க. இதை டீச் பேக்னு சொல்வாங்களாம், நர்ஸிங் பாடத்துல இருக்குறதுதான், ஆனா நடைமுறையில "புரிஞ்சுதா"ன்னு கேப்பாங்க, நம்ம ஆளு "புரிஞ்சுது"ன்னு தலையாட்டுவாரு, வெளிய வந்து "என்னத்தா சொன்னாங்க"ன்னு நம்மகிட்ட கேப்பாரு. அதுதான் வழக்கம்.

மாஸ்டர் கால் இப்ப நல்லாருக்கு. டாக்டர்கிட்ட ரெண்டு மாசத்துக்கு மேல டிரெஸ்ஸிங் போனாரு.

மருந்து கவுன்டரும் நல்லா பண்றாங்க. கடைக்காரர் நாலு தலைமுறைக்கு முன்னாடி கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம், அவருக்குத் தெரிஞ்ச தமிழ் "வாங்க, தண்ணி, ரசம்" அதோட சரி, ஆனா மருந்து விஷயத்துல கில்லாடி. நம்மள்ல நெறைய பேரு ஊர்லேந்து வருஷத்துக்கான மாத்திரைய சூட்கேஸ்ல கொண்டாருவோம் இல்லியா, ஒன்பதாவது மாசம் தீர்ற மாதிரி வரும், உடனே ஊருக்குப் போற வரைக்கும் ஓட்டணும்னு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவோம். இதுவும் வைத்தியத்தை விடறதுதான், ஆனா போடறவங்களுக்கு அப்படித் தோணாது, சிக்கனமா இருக்கோம்னு நெனச்சுக்குவாங்க. ஏன் இங்க வாங்கலன்னு கேட்டா "இங்க அந்தப் பேரு இல்ல"ம்பாங்க. கம்பெனி பேருதான் இல்ல. உள்ள இருக்குற மருந்து பெரும்பாலும் இங்கயும் அதேதான், மெட்ஃபார்மின் எங்கயும் மெட்ஃபார்மின்தான். நம்ம ஊர்ல ரெண்டு மூணு மருந்தை ஒரே மாத்திரைல சேத்து விக்கிறது இருக்கே, அதுல பலது இங்க தனித்தனியா வரும். அந்தக் கடைக்காரர் அட்டைய வாங்கி, பின்பக்கம் பொடி எழுத்துல இருக்குறத கண்ணாடி போட்டுப் படிச்சு, இது இதுன்னு பிரிச்சு எழுதிக் குடுப்பாரு. அட்டைய கிழிச்சு மாத்திரைய டப்பாவுல கொட்டி வெக்கிறவங்க தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க, அட்டைதான் சாட்சி. ஆனா ஒன்னு, சுகர் பிரஷர் மாத்திரைய சீட்டு இல்லாம குடுக்க மாட்டாரு, நம்ம ஊர் மாதிரி பேரைச் சொல்லி ரெண்டு அட்டை வாங்குற கதை இங்க நடக்காது. இங்க ஷெட்யூல்னு மருந்துங்களுக்கு நம்பர் உண்டு, மூணும் அதுக்கு மேலயும்னா ஸ்க்ரிப்ட், அதாவது டாக்டர் சீட்டு வேணும், ஒரு தடவை டாக்டர் எழுதுனா ஆறு மாசம் வரைக்கும் ரிப்பீட் எடுக்கலாம். அதாவது மாசா மாசம் டாக்டர் ஃபீஸ் கட்ட வேண்டியதில்ல. இந்த ஒரு விஷயம் தெரியாம மாசம் 500 ராண்ட் எங்கருந்து கட்டுறதுன்னு மொத மாசத்தோட நிறுத்தினவங்க எனக்கே தெரியும். ஜெனரிக், அதாவது அதே மருந்து வேற கம்பெனில மலிவா வர்றது, வேணுமான்னு அவங்களே கேப்பாங்க, கேக்கணும்னு சட்டமே இருக்கு, ஆமான்னு சொல்லுங்க.

லேபிள் ஒட்டுறதுல ஒரு தனி கவனம். "ஒரு நாளைக்கு ரெண்டு வேளை ரெண்டு மாத்திரை"ன்னு எழுதிருந்தா படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுடுவாங்க, ஆனா மொத்தம் எத்தனைன்னு எண்ணிக் குடுக்கச் சொன்னா மாட்டிக்குவாங்க. 2006-ல அமெரிக்காவுல 395 நோயாளிங்ககிட்ட பண்ண ஆய்வு ஒன்னு உண்டு, வாசிப்புத் திறன் கம்மியானவங்கள்ல 71 சதவீதம் பேரு லேபிள்ல இருந்ததை சரியா சொல்லிட்டாங்க, ஆனா நாளுக்கு எத்தனை மாத்திரைன்னு சரியா எடுத்துக் காட்டுனது 35 சதவீதம்தான். இந்தக் கடைல கவுன்டர் பொண்ணு மூடிய தொறந்து, மாத்திரைய தட்டுல கொட்டி, "காலைக்கு எவ்ளோ, எடுத்துக் காட்டுங்க"ன்னு கேக்கும். பெட்டி மேல சூரியன், நிலா படம் கையால வரையும். படம் போடறது சின்னப்பிள்ளைத்தனம்னு நெனைக்காதீங்க, இதே தென்னாப்பிரிக்காவுல ரோட்ஸ் யுனிவர்சிட்டில ராஸ் டவுஸ்னு ஒரு பார்மசி பேராசிரியர் இதை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, எழுதப்படிக்க அதிகம் தெரியாதவங்களுக்கு அமெரிக்காவுல வரைஞ்ச மருந்துப் படங்களை விட இந்த ஊர்லயே, இந்த ஊர் ஜனங்கள வெச்சு வரைஞ்ச படங்கதான் நல்லா புரியுதுன்னு காட்டிருக்காங்க. எங்க பக்கத்து வீட்டு ஆயா, தொண்ணூறை நெருங்கிட்டாங்க, அந்த நிலா படத்தைப் பாத்துத்தான் ராத்திரி மாத்திரைய எடுக்குறாங்க.

புரட்டாசி மாசம் இன்னொரு கூத்து. டர்பன் தமிழ்க் குடும்பங்க புரட்டாசிய நம்ம ஊரை விட கறாரா புடிப்பாங்க, மாசம் முழுக்க கறி மீன் தொட மாட்டாங்க, சனிக்கிழமை விரதம் வேற. சுகர் மாத்திரைல சிலது, கிளிக்லசைடு, கிளிமெபிரைடு மாதிரி, சாப்பிடாம போட்டா சுகர் சடார்னு இறங்கிடும், வேர்த்து கை நடுங்கி மயக்கமே வரும். அதனால விரதக்காரங்க என்ன பண்ணுவாங்க, சாமி காரியம்னு மாத்திரையயே மாசம் முழுக்க விட்டுடுவாங்க, டாக்டர்கிட்ட சொல்லவும் மாட்டாங்க, ஏன்னா திட்டுவாரு. சிஸ்டர் செப்டம்பர் வந்த உடனே தானா கேக்குறாங்க, "ஆன்ட்டி, புர்டாசி ஃபாஸ்டிங் இருக்கா?" விரதம் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல, எந்த மாத்திரைய சாப்பாட்டு நேரத்துக்கு மாத்தணும்னு டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லி சீட்டு எழுதிக் குடுத்தாங்க, கையில சர்க்கரை மிட்டாய் வெச்சுக்கச் சொன்னாங்க, 4-க்கு கீழ போனா விரதம் முடிஞ்சதுன்னு கண்டிஷனா சொன்னாங்க. சாமி கோச்சுக்காதுன்னு அந்த ஜூலு அம்மா சொன்னதுக்கு எங்க ஆன்ட்டி சிரிச்ச சிரிப்பு இருக்கே.

மெடிக்கல் எய்டு, அதாவது மாசா மாசம் பணம் கட்டி சேர்ற வைத்தியச் செலவு ஸ்கீம், அந்த விஷயத்துலயும் இங்க உருப்படியா சொல்றாங்க, இதை ஐடி ஆளுங்க கவனமா படிங்க. நெறைய பேருக்கு கம்பெனில ஹாஸ்பிடல் பிளான்தான் இருக்கும், பேரே ஹாஸ்பிடல்னு இருக்குறதால படுத்தாத்தான் காசு வரும்னு நெனச்சுக்கிட்டு பிரஷர் மாத்திரைய கைக்காசுல வாங்குறது, இல்ல வாங்காமலே விடறது. 1998 மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்துல பிஎம்பின்னு குறைஞ்சபட்ச பலன் ஒன்னு வெச்சிருக்காங்க, எந்த மலிவு பிளானா இருந்தாலும் 25-க்கும் மேற்பட்ட நாள்பட்ட நோய்ங்களுக்கு செலவ ஸ்கீம் ஏத்துக்கணும், அதுல பிரஷர், சர்க்கரை, ஆஸ்துமா, தைராய்டு எல்லாம் உண்டு. ஆனா தானா வராது. டாக்டர் க்ரானிக் ஃபார்ம் எழுதி பதிவு பண்ணணும், நோய்க்கான கோட் சரியா இருக்கணும், அவங்க லிஸ்ட்ல இருக்குற மருந்தை, அவங்க சொல்ற கடைல வாங்கணும், இல்லன்னா நம்ம பங்கு கட்டணும். புதுசா சேந்தவங்களுக்கு மூணு மாசம் வரைக்கும் பொதுவான காத்திருப்பும், ஏற்கெனவே இருக்குற நோய்க்கு பன்னெண்டு மாசம் வரைக்கும் காத்திருப்பும் போடலாம், அதையும் கேட்டு வெச்சுக்கோங்க. ஹெல்த் இன்சூரன்ஸ்னு மலிவா விக்கிறாங்களே, அது மெடிக்கல் எய்டு கெடையாது, அதுக்கு இந்த சட்டம் ஒட்டாது. கடைக்காரர் என் சிநேகிதி ஒருத்தியோட கார்டை வாங்கிப் பாத்துட்டு அந்த ஃபார்மை பிரிண்ட் எடுத்தே குடுத்துட்டாரு, அவ ரெண்டு வருஷமா கைக்காசுல வாங்கிட்டிருந்தா, அந்தக் கோபத்துல அன்னிக்கு கார்ல வர்ற வழியெல்லாம் அவ புருஷனுக்குத்தான் அர்ச்சனை.

அரசாங்க கிளினிக் ஆரம்ப வைத்தியம் இலவசம்தான், கூட்டம் விடியக்காலைலயே நிக்கும், அது தெரிஞ்ச கதை. அங்க பாக்குறவங்க நோய் கட்டுக்குள்ள இருந்தா மாத்திரைய மட்டும் வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற தனியார் கடைல காசில்லாம வாங்கிக்கலாம்னு 2014-லேந்து ஒரு திட்டம் ஓடுது, டப்லாப் மெட்ஸ்னு போர்டு இருக்கும், மெசேஜ் வந்ததும் போய் எடுத்துக்கலாம். இந்தக் கடையும் அதுல இருக்கு, அதனாலதான் மாசத் தொடக்கத்துல கடை வாசல்ல அவ்ளோ கூட்டம். நம்ம மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு இன்னொரு பயம் உண்டு, 2025-ல டர்பன்ல அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் வாசல்ல கும்பலா நின்னு ஐடி கேட்டு வெளிநாட்டு ஆளுங்கள திருப்பி அனுப்புன கூத்தெல்லாம் நடந்துச்சு, அதுக்கப்புறம் மாஸ்டர் மாதிரி ஆளுங்க அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கறதில்ல. அரசியல் சட்டம் 27-வது பிரிவுல எல்லாருக்கும்னுதான் எழுதிருக்கு, அவசர சிகிச்சைய யாருக்கும் மறுக்கக் கூடாதுன்னு தனியாவே இருக்கு. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுக்குது, மூச்சு திணறுதுன்னா இந்தக் கடைக்கெல்லாம் வராதீங்க, ஆம்புலன்ஸுக்கு 10177 அடிங்க, மொபைல்லேந்து 112. சிஸ்டர் இந்த ரெண்டு நம்பரையும் ரூம் கதவுல பெருசா ஒட்டி வெச்சிருக்காங்க, நோயாளி போன்ல சேவ் பண்ணிட்டாரான்னும் பாக்குறாங்க.

இப்ப குறைங்க. ரூம் ரொம்ப சின்னது, கதவு சரியா மூடாது, உள்ள பேசறது ஷாம்பூ ஷெல்ஃப் வரைக்கும் கேக்கும். எச்ஐவி டெஸ்டுக்கு வர்ற ஒரு ஆளு அந்தக் கதவைப் பாத்துட்டே திரும்பிப் போயிடுவாரு, அது எத்தனை பேருன்னு கடைக்காரருக்கு தெரியவா போகுது. அவருகிட்ட சொன்னேன், "பாக்குறேன்"னாரு, இன்னும் பாத்துட்டே இருக்காரு. அப்பாயின்ட்மென்ட் கெடையாது, வந்த வரிசைதான், ஒரு மணி நேரம் சர்வசாதாரணம், மேல சொன்ன மாதிரி யாராவது பயந்தவங்க உள்ள இருந்தா இன்னும் மேல. சிஸ்டர் லீவுன்னா ரூமே பூட்டிருக்கும், மாத்து ஆளு இல்ல, போர்டும் வெக்க மாட்டாங்க, போன் எடுக்குற பொண்ணு "கம்மிங் கம்மிங்"னு சொல்லும்.

இதை விட எரிச்சல் கடையோட முன்பக்கம். பின்னாடி அவ்ளோ பொறுப்பா பேசுறவங்க, முன்னாடி ஷெல்ஃப்ல டீடாக்ஸ் டீ, சுகரை அடியோட குணப்படுத்தும்கிற மாதிரி இலை படம் போட்ட டப்பா, எடை குறைக்குற பவுடர்னு அடுக்கி வெச்சிருக்காங்க, அதை விக்கிறதுக்கு ஒரு பொண்ணு வேற நிக்குது. சிஸ்டர்கிட்ட சுகர் பாத்துட்டு கலங்கிப் போய் வெளிய வர்ற ஆன்ட்டி கண்ணுல மொதல்ல படறது அந்த டப்பாதான். பாகற்காய் ஜூஸ், வெண்டைக்காய் தண்ணி, முருங்கைன்னு வாட்ஸ்அப்ல வர்றதுக்கு சிஸ்டர் பொறுமையா பதில் சொல்றாங்க, "குடிங்க, ஆனா மாத்திரைக்கு பதிலா இல்ல"ன்னு, அதே கடை முன்னாடி 300 ராண்ட்டுக்கு அதோட டப்பா வடிவத்தை விக்குது. லாபம் அங்கதான் வருதுன்னு கடைக்காரர் பச்சையாவே சொல்றாரு, மருந்து விலை இங்க 2004-லேந்து அரசாங்கம் கட்டுப்படுத்துறது, அதுல பெருசா மிஞ்சாதாம். சரி, அவரு பொழப்பு அவருக்கு, ஆனா அந்த ஷெல்ஃப்ப கிளினிக் கதவுக்கு நேர் எதுத்தாப்புல வெக்கணுமா?

தமிழ்ல எழுதுன ஒரு காகிதம் கூட கெடையாது, அது எதிர்பாக்கவும் முடியாது, இங்கிலீஷும் ஜூலுவும்தான். இங்கிலீஷ் தெரியாதவங்கள தனியா அனுப்பாதீங்க, கூட போறவங்க சிஸ்டர் சொல்றதை சுருக்காம, நம்மளே பதில் சொல்லாம, அப்படியே கடத்துங்க. நம்ம ஆளுங்க மொழிபெயர்க்குறப்ப பெரியவர் மனசு கஷ்டப்படும்னு "கொஞ்சம் சுகர் இருக்காம்"னு மெதுவா மாத்தி சொல்றது நானே கண்ணால பாத்த விஷயம், அவங்களும் கொஞ்சம்தானேன்னு மறுபடி ஆறு மாசம் வர மாட்டாங்க.

செலவு, சிஸ்டர் பாக்குறதுக்கு டாக்டர் ஃபீஸ்ல பாதிக்கும் ரொம்பக் கீழ, பிரஷர் மட்டும்னா இன்னும் கம்மி, சுகர் ஸ்ட்ரிப்புக்கு தனி. கார்டு வாங்குவாங்க. உள்ள போறதுக்கு முன்னாடியே மொத்தம் எவ்ளோன்னு கேட்டா சொல்லிடுவாங்க, கேளுங்க, அதுக்கு யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க.

போறவங்க பழைய ரிப்போர்ட், ஊர் மாத்திரை அட்டை, மெடிக்கல் எய்டு கார்டு மூணையும் எடுத்துட்டுப் போங்க. மாசத்தோட மொத வாரம் போகாதீங்க, கிராண்ட்னு சொல்ற அரசாங்க உதவித்தொகையும் டப்லாப் மருந்தும் சேர்ந்து வர்ற நேரம், நிக்க எடம் இருக்காது. செவ்வாய் புதன் மத்தியானம் காலியா இருக்கும். ஃப்ளூ ஊசி ஏப்ரல் வாக்குல ஸ்டாக் வருது, வந்த ரெண்டு வாரத்துல தீந்துடும், முன்னாடியே பேரு குடுத்து வெச்சா எடுத்து வெப்பாங்க. காரை பின்பக்கத் தெருவுல விடுங்க, முன்னாடி விட்டா டாக்ஸிக்காரங்க நடுவுல மாட்டிக்கிட்டு வெளிய எடுக்கவே அரை மணி ஆகும். ஞாயித்துக்கிழமை கடை உண்டு, சிஸ்டர் இல்ல.